மூன்று தோட்டாக்கள்: ஜிம் கார்பெட்டின் சம்பாவத் கதையில் இரட்டைக்குழல் துப்பாக்கி

ஜிம் கார்பெட் (1875–1955) எழுதிய குமாயுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய ஆங்கில நூல் 1944ஆம் ஆண்டு வெளிவந்தது. தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ என்னும் பெயரில் தமிழ் வாசகரும் அதனை அறிவர். இந்நூலை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு நிலைகளில் நிற்கின்றனர். ஒரு சாரார் கார்பெட்டை மலைமக்களின் துயர் துடைத்த வீரராகப் போற்றுவர். மற்றொரு சாரார் அவர் கைத்துப்பாக்கியைக் காலனிய அதிகாரத்தின் சின்னமாகக் காண்பர். இரு நிலைகளிலும் துப்பாக்கி ஐயத்திற்கிடமற்ற ஆற்றலாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் நூலின் முதற்கதையாகிய சம்பாவத் புலிக்கதை துப்பாக்கியை அவ்வாறு காட்டவில்லை. அக்கதையில் துப்பாக்கி என்னவாக நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருவிலங்கு வேட்டைக்கெனச் செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரைபிளில் இரு குழல்கள் அருகருகே பொருத்தப்பட்டிருக்கும். பொதுவாக ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விசை உண்டு. முதற்குண்டு தவறினால், தோட்டா மாற்றும் வேலையின்றி அந்நொடியே இரண்டாவதைச் சுடலாம். எனவே முதற்குண்டு தவறக்கூடும் என்னும் அச்சமே இக்கருவியின் அமைப்பிற்கு அடிப்படை எனலாம். இரண்டும் தீர்ந்தபின் மீண்டும் திறந்து தோட்டா இடும்வரை அது வெறுங்கட்டையே. இவ்வரம்பைக் கார்பெட் தம் கதையில் மறைக்கவில்லை.

நேபாளத்தில் இருநூறு பேரைக் கொன்றபின் ஆயுதமேந்திய மக்களால் விரட்டப்பட்டுக் குமாயுனுக்குள் வந்த பெண்புலி, நான்கு ஆண்டுகளில் மேலும் 234 உயிர்களைப் பலிகொண்டது என்று கார்பெட் கூறுகிறார். அதனைச் சுட இசையும்போது அவர் இரு நிபந்தனைகள் விதிக்கிறார். அரசு அறிவித்த பரிசுத்தொகைகள் நீக்கப்பட வேண்டும். பிற வேட்டைக்காரரும் படையினரும் திரும்பப் பெறப்பட வேண்டும். பரிசை மறுப்பது அறத்தின்பாற்பட்டது. பிற துப்பாக்கிகளை அகற்றுவதோ கதைக்களத்தில் ஒரே ஒரு துப்பாக்கியை மட்டும் எஞ்ச வைக்கிறது. தனிவீரர் கதைக்குரிய தொடக்கம் இது.

இத்தொடக்கம் கதையின் போக்கிலேயே குலைகிறது. 1907ஆம் ஆண்டு நிகழ்ந்த அவ்வேட்டையின் இறுதி நாளில் புலியைக் கலைத்து விரட்ட 298 ஆடவர் திரள்கின்றனர். உரிமம் இல்லாத துப்பாக்கிகளையும் கொண்டுவரலாம், அவற்றைக் கண்டுகொள்வதில்லை எனத் தாசில்தார் முன்னரே அறிவித்திருந்தார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுமென்றது. அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்தன. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபின்பே, அதுவும் ஒரு நாளைக்கு மட்டும், அரசு அலுவலரொருவர் அச்சட்டத்தைத் தளர்த்துகிறார். வந்து சேர்ந்த பழந்துப்பாக்கிகளைக் காட்சிப்பொருள்போல் வியந்து கடந்துவிடுகிறார் கார்பெட். அவை ஏன் அதுவரை ஒளித்து வைக்கப்பட்டிருந்தன என்னும் வினா அவருக்கு எழவில்லை.

புலியைக் கார்பெட்டின் பக்கம் திருப்பியதும் இத்துப்பாக்கிகளே. தாசில்தார் தம் துப்பாக்கியின் இரு குழல்களையும் சுடுகிறார். கார்பெட் தொலைவிலிருந்து ஒரு குண்டு விடுகிறார். மூன்று வெடியோசை கேட்ட மலைமுகட்டு மக்கள் புலி இறந்ததென்றெண்ணி எல்லாத் துப்பாக்கிகளையும் வெடித்து ஆரவாரம் செய்ய, அவ்வொலிக்கு அஞ்சிய புலி கார்பெட்டை நோக்கி வருகிறது. குறியின்றி வெடித்தவை குறிபார்க்க வழிசெய்தன.

அடுத்து வருவது கதையின் உயிர்நிலை. கார்பெட் இருமுறை சுடுகிறார். இரு குண்டுகளும் பட்டும் புலி விழவில்லை. ரைபிள் காலியாகிறது. அவர் கொண்டுவந்தவை மூன்றே தோட்டாக்கள். இருமுறைக்கு மேல் சுட வாய்ப்பு வராதென்று கருதியதாகவும், மூன்றாவது நெருக்கடிக்கென வைத்ததாகவும் அவரே கூறுகிறார். புலி பாயாமல் திரும்பியது அவர் திறமையன்று. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வருகிறார். அதன் குழல்களுக்கும் பின்கட்டைக்கும் இடையே இடைவெளி இருந்தது. புலியின் திறந்த வாய்க்குக் குறிவைத்த குண்டு அதன் முன்பாதத்தில் படுகிறது. முந்தைய காயங்களால் இறக்கும் நிலையிலிருந்த புலி சாய்கிறது. தனித்து வேட்டையாட நிபந்தனை விதித்தவரின் வேட்டை, இரவல் துப்பாக்கியின் தவறிய குறியோடு முடிவது நோக்கத்தக்கது.

இவ்வொளிவின்மையே கார்பெட்டின் நடைக்கு நம்பகத்தன்மை தருகிறது. வீரத்தைக் கூறும் இடங்களைவிடத் தோட்டாக்களை எண்ணிக் காட்டும் இடத்தில்தான் வாசகர் அவரை நம்புகின்றனர்.

எனினும் இந்நேர்மைக்கு ஓர் எல்லை உண்டு. இறந்த புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்னொரு காலத்துத் துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், அதனாலேயே அது இயற்கை இரையை விடுத்து மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்றும் கார்பெட் குறிப்பிடுகிறார். இச்செய்தி புலியின் மீதான பழியைப் போக்கப் பயன்படுகிறதே தவிர, அக்குண்டைச் சுட்டவரைப் பற்றியோ, காயப்படுத்திக் கைவிடும் வேட்டைப் பழக்கத்தைப் பற்றியோ எவ்வினாவும் எழுப்பவில்லை. தம் குண்டுகளைக் கணக்கிட்ட எழுத்தாளர் அந்த முதற்குண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாண்டோர் தொகை அக்குண்டிலிருந்தே தொடங்குகிறது.

ஆகவே சம்பாவத் கதையில் துப்பாக்கி வீரத்தின் கருவியாகவோ ஆதிக்கத்தின் சின்னமாகவோ மட்டும் நிற்கவில்லை. துயரத்தின் தோற்றுவாயும், காக்கும் வழியும், சட்டத்தால் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொருளும் அதுவே. இம்மூன்றையும் கதை தன்னகத்தே கொண்டுள்ளது. அவற்றை இணைத்துக் காணும் பொறுப்பைக் கார்பெட் ஏற்கவில்லை என்பதே இக்கதையின் குறை. இணைப்பதற்குரிய சான்றுகளைத் தம் எழுத்திலிருந்து நீக்காமல் விட்டார் என்பதே அதன் சிறப்பு.