பள்ளம் முதலில், கயிறு பிறகு

ஆடி மாதத்தில் சோமனூருக்கு வருபவர்களை விசைத்தறியின் ஓசைக்கு முன்பாகவே காற்று எதிர்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து, கோவையைக் கடந்து எங்கள் ஊர்த் தெருப்புழுதியை அள்ளி வீசும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன் கணிப்பொறியின் முன்னாலிருந்து திரும்பி ஒரு கேள்வி கேட்டான்.

"ஏனுங்க மாமா, நம்மூர்ல காத்து மேக்க இருந்து வந்து கெழக்க போயிருது. எல்லாப் பக்கமிருந்தும் காத்து உள்ளயே வந்தா, வந்த காத்து எங்கீங்க போகும்?"

பதினொரு ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தூண்டியது பாடநூலா? அன்று. கடற்கொள்ளையரைக் கேலி செய்யும் ஒரு கணிப்பொறி விளையாட்டு! அதன் ஐந்து பகுதிகளில் எது சிறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அறிவியல் இதழில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தொடர்கதையாக வந்த விளையாட்டு

'மங்கி ஐலண்ட்', அதாவது குரங்குத் தீவு, என்னும் விளையாட்டு வரிசை 1990-இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. அதன் மூல ஆசிரியர் ரான் கில்பர்ட். கதைத்தலைவன் கைபிரஷ் திரீப்வுட், கடற்கொள்ளையன் ஆகவேண்டும் என்று ஆசைப்படும் ஓர் அப்பாவி. வாட்போரில் வெல்ல வாள் வீச்சைவிட வாய்வீச்சே இங்கு முக்கியம். எதிரியின் வசைக்குப் பொருத்தமான பதில் வசை சொல்பவனே வெல்வான்! இவனுடைய தனித்திறமை, பத்து நிமிடம் மூச்சடக்கி நீருக்குள் இருப்பது.

2009-இல் டெல்டேல் என்னும் நிறுவனம் இதே கதைத்தலைவனை வைத்து 'டேல்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்' என்ற ஐந்து பகுதித் தொடரை வெளியிட்டது. நம் வார இதழ்களின் தொடர்கதையைப் போல ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொரு பகுதியாக அது வந்தது. முதற்பகுதியில் கைபிரஷ் ஒரு தீவில் ஒதுங்குகிறான். இரண்டாவதில் கடல் மாந்தருக்கும் கொள்ளையருக்கும் இடையிலான முற்றுகையில் சிக்குகிறான். மூன்றாவதில் ஒரு பெரிய கடல் விலங்கு அவனை விழுங்கிவிடுகிறது. நான்காவதில் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறான். ஐந்தாவதில் இறந்துபோய், ஆவியாக அலைந்து மீள்கிறான்.

இங்கே துப்பாக்கிச் சண்டையோ வேகப் போட்டியோ இல்லை. ஒரு தடை இருக்கும். சுற்றிலும் சில பொருள்கள் கிடக்கும். பேச மனிதர்கள் இருப்பார்கள். எதை எதனோடு சேர்த்தால் தடை நீங்கும் என்று சிந்திக்க வேண்டும். தவறாகச் சேர்த்தால் தண்டனை இல்லை. ஒரு கிண்டல் கிடைக்கும், அவ்வளவே. நோக்குதல், ஊகித்தல், சோதித்தல், தவறினால் திருத்துதல் என்ற இம்முறையைத்தானே ஆய்வுக்கூடத்தில் கற்பிக்க முயல்கிறோம்?

எதைக் கொண்டு அளப்பது?

அளவுகோல் இல்லாமல் எது சிறந்தது என்று சொல்வது அலகு இல்லாமல் நீளம் சொல்வதைப் போன்றது. நல்ல வேளையாக அளவுகோலை ரான் கில்பர்ட்டே தந்திருக்கிறார். 1989-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வகை விளையாட்டுகளின் குறைகளை அடுக்கினார். அவற்றுள் ஒன்று தலைகீழ்ப் புதிர். ஆடுபவன் முதலில் ஒரு பள்ளத்தைக் காண வேண்டும், கடக்க முடியாமல் திகைக்க வேண்டும், அதன் பிறகே கயிறு கண்ணில் பட வேண்டும். கயிறு முதலில் கையில் கிடைத்துவிட்டால் பள்ளத்தின் முன் சிந்தனைக்கு இடமே இல்லை. இது அவர் கருத்தின் சாரம்.

இந்த அளவுகோலை ஐந்து பகுதிகளின் மீதும் வைத்துப் பார்ப்போம்.

ஐந்தும் அளக்கப்படுகின்றன

இரண்டாம் பகுதியில் சில அரும்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் வேலையே மேலோங்கி நிற்கிறது. பள்ளத்தைவிடக் கயிறுகள் மிகுதி. நான்காம் பகுதியின் நீதிமன்றக் காட்சி மிக நன்று. குற்றச்சாட்டுகள் முதலில் வருகின்றன, அவற்றை உடைக்கும் வழிகளைப் பிறகு தேடுகிறோம். ஆனால் பிற்பாதியில் கதையின் வேகம் புதிரை விழுங்கிவிடுகிறது. ஐந்தாம் பகுதி உணர்ச்சி மிக்கது. எனினும் அங்குமிங்கும் பலமுறை அலைய வேண்டியிருப்பதால் அலுப்புத் தட்டுகிறது.

எஞ்சியவை முதலும் மூன்றும். பலர் மூன்றாவதையே முதலிடத்தில் வைப்பார்கள். என் அக்காள் மகனும் அப்படியே. கைபிரஷை விழுங்குவது மானட்டீ என்னும் விலங்கு. நம் பாக் விரிகுடாவில் வாழும் கடற்பசுவான ஆவுளியாவுக்கு உறவு. அதன் வயிற்றுக்குள்ளே ஒரு பழைய மாலுமிக் கூட்டம் குடியிருக்கிறது! முகத்தைக் கோணலாக்கி எதிரியைத் தோற்கடிக்கும் போட்டியும் அங்கு உண்டு. சிரிப்பு என்ற ஒன்றையே அளந்தால் மூன்றாம் பகுதிக்கே பரிசு.

ஒரு சிறு குறையையும் சொல்லிவிட வேண்டும். விலங்கின் உட்காதிலுள்ள ஓர் உறுப்பு கெட்டதால் அது திசை தடுமாறுவதாகக் கதை. அந்த உறுப்புக்கு நத்தை எலும்பின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பாலூட்டிகளின் உட்காதில் நத்தை எலும்பு கேட்பதற்கு உரியது. உடலின் சமநிலையையும் சுழற்சியையும் உணர்த்துபவை அரைவட்டக் குழல்கள் மூன்றும் அவற்றை ஒட்டிய பைகளும். நகைச்சுவைக் கதையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்!

ஒரு விதி, ஓர் உலகம்

என் தேர்வு முதற்பகுதி. ஃப்ளாட்சம் தீவில் காற்று எப்போதும் எல்லாத் திசையிலிருந்தும் உள்நோக்கியே வீசுகிறது. வந்த கப்பல் திரும்ப முடியாது. தொடக்கத்திலேயே இந்தப் பள்ளம் நம் கண்முன் வைக்கப்படுகிறது. அதன் பிறகு தீவில் காணும் பலவும் இந்த ஒரே விதியின் விளைவுகளாக விரிகின்றன. வெளியேற வழியற்ற கொள்ளையர் சோம்பிக் கிடக்கிறார்கள். செய்தித்தாள் நடத்துபவர் செய்தி கிடைக்காமல் தவிக்கிறார். ஒரு சண்டை மூட்டு, ஒரு புதையல் எடு, ஒரு கப்பலைக் கைப்பற்று என்று கைபிரஷைத் தூண்டுகிறார். கைபிரஷ் காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. காற்றின் காரணத்தைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். சில விதிகளிலிருந்து பல நிகழ்ச்சிகளை வருவிப்பதுதானே இயற்பியல்?

இடையில் ஒரு மருத்துவனின் அறையில் அவனை நாற்காலியோடு கட்டிப்போடுகிறார்கள். எட்டும் தொலைவில் உள்ள சில பொருள்களைக் கொண்டே தப்ப வேண்டும். சுருக்கமான கருவிகளோடு செய்யும் நல்ல செய்முறைப் பாடம் இது.

வேறொரு காரணமும் உண்டு. இவ்விளையாட்டின் பேச்சு முழுவதும் ஆங்கிலம். சொல் விளையாட்டில் பிறக்கும் சிரிப்பு தமிழ்வழி மாணவனுக்குப் பாதிதான் எட்டும். மூன்றாம் பகுதி அச்சிரிப்பை மிகவும் நம்பியிருக்கிறது. முதற்பகுதியின் காற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

வந்த காற்று எங்கே போகும்?

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். தீவின் ஆரம் 1,000 மீட்டர் என்றும், தரையிலிருந்து 100 மீட்டர் உயரம் வரை காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உட்புகுகிறது என்றும் கொள்வோம். உள்ளே வந்த காற்று அங்கேயே குவிந்துகொண்டிருக்க முடியாது, பக்கங்களிலும் வழியில்லை. மேலேதான் எழ வேண்டும். உட்புகும் பரப்பு 2 × 3.14 × 1,000 × 100 சதுர மீட்டர். இதை வேகம் 5-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 31,40,000 கன மீட்டர் காற்று. தீவின் பரப்பும் 31,40,000 சதுர மீட்டரே. ஆகவே தீவு முழுவதும் காற்று வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மேலெழுந்தாக வேண்டும். மேலெழும் காற்று விரிந்து குளிரும். கடலிலிருந்து கொணர்ந்த ஈரம் முகிலாகும். ஃப்ளாட்சம் தீவில் மழைக்குப் பஞ்சமே இராது!

உண்மைத் தீவுகளில் இது பகலில் ஓரளவு நிகழ்வதே. வெயிலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் கடற்காற்று உள்ளே வீசும். இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் நிலக்காற்று வெளியே வீசும். நம் மீனவர்கள் கட்டுமரத்தில் விடியலுக்கு முன் நிலக்காற்றில் புறப்பட்டுப் பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பியது இதனால்தான். பாய்மரக் கப்பல் காற்றுக்கு நேர் எதிரே செல்ல முடியாதாயினும், ஒருமுறை இடமும் மறுமுறை வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து எதிர்காற்றிலும் முன்னேறும். ஆகவே உள்நோக்கிய காற்று ஒன்றே ஒரு நல்ல மாலுமியைச் சிறைப்படுத்தாது. ஃப்ளாட்சம் காற்றை ஏவியது ஒரு மாயச் சாதனம் என்று கதையை முடித்தது எனக்கு ஏமாற்றமே. காரணத்தைத் தேட வைத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஆயினும் அந்தக் குறையிலிருந்துதான் சிறுவனின் கேள்வி பிறந்தது என்பதை மறுக்க முடியவில்லை.

ஓர் ஐயமும் அதன் சோதனையும்

என் தீர்ப்பில் எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. முதற்பகுதியை அவன் ஆடியபோது கைபேசியில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. பதினொரு நாள் திண்டாடித் தானே முடித்தான். மூன்றாம் பகுதிக்குள் ரீசார்ஜ் செய்தாகிவிட்டது. தேர்வுக்கு நோட்ஸ் இருப்பதைப்போல இவ்விளையாட்டுகளுக்கும் வரிக்கு வரி விடைக்குறிப்புகள் இணையத்தில் உண்டு. அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரே மாலையில் முடித்தான். சிரித்ததைச் சொல்கிறான், எப்படி வென்றான் என்று கேட்டால் விழிக்கிறான். அப்படியானால் நான் மெச்சுவது முதற்பகுதியையா, அவன் ஆடிய முறையையா?

இரண்டு காரணிகள் கலந்திருந்தால் ஒன்றை மாற்றாமல் வைத்துச் சோதிப்பதே முறை. கோடை விடுமுறையில் இரு பகுதிகளையும் விடைக்குறிப்பின்றி நானே ஆடினேன். மூன்றாவதும் நல்ல புதிர்களைக் கொண்டதே. விடைக்குறிப்புதான் அதைக் கெடுத்திருந்தது. அந்த அளவுக்கு என் தீர்ப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் ஆடி முடித்த பிறகும் என்னைக் காகிதமும் பென்சிலும் எடுக்க வைத்தது முதற்பகுதியே.

நம் ஆய்வுக்கூடத்தில்

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவனாக இருந்தபோது தனி ஊசல் சோதனையில் விடை 9.8 வர வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். வராதபோது அலைவு நேரங்களைத் திருத்தி எழுதினேன். ரெக்கார்டில் முழு மதிப்பெண் கிடைத்தது. இன்று என் மாணவர்களும் அதையே செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சூத்திரம், கருவி, செய்முறை, விடை என எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். கயிற்றைக் கையில் திணித்துவிட்டுப் பள்ளத்தைக் காட்டவே மறந்துவிடுகிறோம்.

எங்கள் ஊர்த் தறிப்பட்டறையில் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார்கள். எந்த இழை என்று தேடுவார்கள், பிறகே முடிச்சு. முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு அறுந்த இழையைக் காட்டாத பட்டறை எங்கும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு சோதனையை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஊசலைத் தொங்கவிட்டு, "கனமான குண்டு விரைவாக ஆடுமா?" என்று மட்டும் கேட்டேன். சூத்திரம் தரவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டது. பாடத்திட்டம் பின்தங்கியது, எனக்கு அறிவுரையும் கிடைத்தது. எல்லாச் சோதனைகளையும் இப்படி நடத்த நேரம் போதாது என்பது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு ஒன்றையாவது இப்படி நடத்தலாம் என்று நினைக்கிறேன். அன்று வந்த விடைகளில் எதுவுமே சரியாக 9.8 இல்லை. திருத்தப்பட்ட எண் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

வாசக மாணவர்களுக்கு ஒரு பள்ளத்தை விட்டுச்செல்கிறேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். 25 கிலோகிராம் எடையும், காற்றுப் படும் பக்கம் 0.05 சதுர மீட்டர் பரப்பும் உள்ள ஓர் அம்மியைத் தரையில் நகர்த்தவாவது காற்று எவ்வளவு வேகத்தில் வீச வேண்டும்? என் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வந்தது, பெரும்புயலின் வேகம். உராய்வைப் பற்றி நான் என்ன கொண்டிருப்பேன், காற்றின் விசையை எப்படிக் கணக்கிட்டிருப்பேன் என்று கண்டுபிடியுங்கள். சூத்திரத்தை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன்.