மண்டையோட்டுச் சின்னமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ராப் கோஹன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஸ்கல்ஸ்’ என்னும் ஆங்கிலப் படம், திகில் படம் என்ற அளவில் நடுத்தரமானதே. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஒரு பல்கலைக்கழகம். அதனுள் இரகசியச் சங்கமொன்று. அதில் சேர்த்துக்கொள்ளப்படும் பெற்றோரற்ற ஏழை மாணவன். அவனுடைய நண்பனின் மரணம். கதை இவ்வளவே. ஆயினும் தோட்டப்புறத்துத் தமிழாசிரியர் இதனை ஒதுக்கிவிட இயலாது. யாருமற்ற ஒரு பிள்ளையை ஒரு கூட்டம் எவ்வாறு தன்பால் ஈர்த்துக்கொள்கிறது என்பதே இப்படத்தின் முற்பாதி. அந்த ஈர்ப்பை நாம் வேறு வடிவில் அறிவோம்.

லூக் என்னும் அம்மாணவன் படகுப் போட்டியில் வல்லவன். சட்டம் பயில விரும்புகிறான். கட்டணம் செலுத்த வழியில்லை. சங்கம் அவனை அழைக்கிறது. வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்கிறது, கார் கிடைக்கிறது, உடன்பிறந்தான் போல ஒருவன் துணையாக்கப்படுகிறான். மணிக்கட்டில் சூடுபோட்டுச் சின்னம் பதித்து, அதைக் கைக்கடிகாரத்தால் மறைக்கின்றனர். பணம், தோழமை, தழும்பு என்னும் இவ்வரிசையை இயக்குநர் நன்கு அறிந்தே அமைத்திருக்கிறார். தழும்பு முதலில் வந்தால் எவனும் ஓடிவிடுவான்.

படத்தின் மிகச் சிறந்த சிந்தனையை வில் என்னும் மாணவ இதழாளன் வெளியிடுகிறான். இரகசியமும் மேட்டிமையும் ஒருங்கே அமைந்த எதுவும் நல்லதாக இருக்க முடியாது என்பது அவன் கருத்து. பாதிப் படத்துக்குள் அவன் கொல்லப்படுகிறான். அச்சாவு தற்கொலையாகக் காட்டப்படுகிறது. அவனோடு அச்சிந்தனையும் செத்துவிடுகிறது என்பதுதான் என் முதன்மையான குறை. அதன்பின் படம் கேட்பதெல்லாம் கொன்றவன் யார், மறைத்தவன் யார் என்பது மட்டுமே. துரத்தலும் துப்பாக்கியும், இறுதியில் பழங்காலத்து இருவர் போரும் வந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

உண்மையில் இச்சங்கத்தின் தீமை கொலையிலா இருக்கிறது? படம் பெயர் சொல்லாமல் சுட்டுவது யேல் பல்கலைக்கழகத்தையும், அங்கு 1832இல் தோன்றிய ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ சங்கத்தையுமே. ஆண்டுக்குப் பதினைந்து பேரை மட்டுமே அது தேர்ந்தெடுக்கும். அதன் நிறுவனருள் ஒருவரான அல்போன்சோ டாஃப்டின் மகன் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் அமெரிக்க அதிபரானார். அவரும் அதன் உறுப்பினரே. புஷ் குடும்பத்துத் தந்தையும் மகனும் அவ்வாறே. 2004ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ், ஜான் கெர்ரி இருவருமே அச்சங்கத்தார். இங்கே கொலை எதுவும் இல்லை. சட்டத்தை மீறிய செயலும் இல்லை. கேள்வி எழ வேண்டியது இங்கேதான். அக்கேள்வியைத் திகில் கதை தாங்காது. அதற்கு ஒரு பிணம் வேண்டும். பிணம் கிடைத்ததும், குற்றவாளி ஒருவனைக் காட்டி மற்றவர்களை விட்டுவிடலாம்.

யேல் என்னும் பெயர் தமிழருக்கு அயலானதன்று. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். தம் சொந்த வாணிகத்தால் ஆதாயம் தேடினார் என்ற குற்றச்சாட்டோடு பதவி இழந்தவர். அவர் 1718இல் அனுப்பிய 417 நூல்களும், துணி முதலிய சரக்குப் பொதிகள் ஒன்பதும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அக்கல்லூரிக்கு உதவின. சரக்கை விற்று 562 பவுன் பெற்றனர். கல்லூரிக்கு அவர் பெயரைச் சூட்டினர். சோழமண்டலக் கரையில் ஈட்டிய பொருள் நியூ ஹேவனில் புகழாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், அதே தமிழகத்து மக்கள் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். அவர்கள் உழைப்புக்கு எந்தக் கல்லூரியும் பெயர் சூட்டிக்கொள்ளவில்லை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் பழைய சாலையில் உள்ள மம்பாவ் வட்டாரத்தில் நின்று பார்த்தால், படத்தின் சொற்களே வேறு பொருள் தருகின்றன. இந்நாட்டில் ‘இரகசியச் சங்கம்’ என்பது காவல்துறையின் சொல். 1889ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் வரை, பதிவு பெறாத கூட்டத்தை அரசு ஐயத்தோடே நோக்கிவந்துள்ளது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. நாற்பதாயிரத்தைக் கடந்த உறுப்பினருள் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர் என்றது. உறுதிமொழி, குறி, அண்ணன் தம்பி உறவு எல்லாம் இங்கும் உண்டு. அங்கே மரபு எனப்படுவது இங்கே குற்றம் எனப்படுகிறது. கும்பல்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணற்க; அவை எத்தனை வீடுகளை அழித்தன என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஒரே பசி, பிறந்த இடத்திற்கேற்ப நீதிபதியையோ கைதியையோ உருவாக்குகிறது என்பதையே சொல்ல வருகிறேன்.

இதனை நம் நாட்டுப் படமொன்று செம்மையாகச் சொல்லியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’, 2016இல் நடந்த 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம். படிக்கச் சொல்லி அடிக்கும் தந்தை. கும்பலில் சேர்ந்த சிற்றப்பன். இருவரையும் பார்த்து வளரும் அப்போய் என்னும் குறும்புச் சிறுவன். இங்கே கும்பல் மாளிகையில் குடியிருக்கவில்லை. சோற்றுத் தட்டுக்கு அருகே அமர்ந்திருக்கிறது. துப்பறிய எதுவுமில்லை. பையன் எப்படி அங்கே போய்ச் சேர்கிறான் என்பதை நாம் படிப்படியாகக் காண்கிறோம். காண்பதே போதுமான திகிலாயிருக்கிறது.

கோஹனின் ஒளிப்பதிவோ தான் கண்டிப்பதையே காதலிக்கிறது. சங்கத்தின் மண்டபமும் விருந்தும் காரும் அத்தனை அழகாகக் காட்டப்படும்போது, பதினாறு வயது மாணவன் வெறுக்கவா கற்பான்? (அடுத்த ஆண்டே அவர் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ எடுத்தார், கார்மீது அவருக்குள்ள பற்று ஐயத்திற்கு இடமற்றது.) வகுப்பில் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பேசச் செய்யும் ஆசிரியர், எந்தக் காட்சியில் எந்தப் பையனாக இருக்க ஆசைப்பட்டாய் என்று மாணவனைக் கேட்கலாம், விடை பெரும்பாலும் கட்டுரைத் தாளில் வராது.

‘தி ஸ்கல்ஸ்’ படத்தின் முடிவில் லூக் சங்கத்தை விட்டு நடந்து செல்கிறான். சங்கம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. 2002இலும் 2004இலும் அடுத்தடுத்த பாகங்களுக்கும் அதுவே பயன்பட்டது. அவனுடைய சட்டப் படிப்புக் கட்டணத்தை இனி யார் செலுத்துவார் என்பதைப் படம் சொல்லவில்லை.