ஹிட்ச்காக்கின் வாரிசு: பொருநைக் கரையின் இரண்டு படங்கள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் செல்வாக்கைத் தமிழ்ப் படங்களில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கத்தி, குளியலறை, வயலின் கீச்சொலி, தாயின் நினைவால் மனம் பிறழ்ந்த கொலைகாரன் என ‘சைக்கோ’வின் (1960) மேற்பூச்சே கண்ணில் படுகிறது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) தொட்டு மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) வரை அப்படி ஒரு வரிசை சொல்லிவிடலாம். அவற்றில் நல்ல படங்களும் உண்டு. ஆனால் ஹிட்ச்காக் விட்டுச்சென்ற பெரிய சொத்து அது இல்லை.

யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும் என்ற கணக்குதான் அந்தச் சொத்து. 1962இல் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நெடிய உரையாடலில் அதை அவரே விளக்கினார். மேசைக்கடியில் ஒரு குண்டு. முன்னறிவிப்பின்றி வெடித்தால் பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், கால் மணி நேரம் நெஞ்சு பதைக்கும். கூடவே, தெரிந்தும் வாய் திறக்க முடியாத பொறுப்பு நம் தலையில் ஏறுகிறது.

வீணை எஸ். பாலசந்தர் இதை அறிந்திருந்தார். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) கொலையாளி யார் என்ற புதிர். அதில் அகிரா குரோசாவாவின் சாயலே அதிகம். பத்தாண்டு கழித்து வந்த ‘பொம்மை’யில் வெடிகுண்டு வைத்த பொம்மை கைமாறிக் கைமாறி ஊர் சுற்றுகிறது. ‘சபோட்டாஜ்’ (1936) படத்தில் குண்டு என்று அறியாமல் பொட்டலம் சுமக்கும் சிறுவனின் வழிவந்தது அது.

அதற்குப் பிறகு இந்தக் கணக்கு முழு வலுவோடு வெளிப்பட்டது பொருநை என்னும் தாமிரபரணியின் கரையைக் களமாகக் கொண்ட இரண்டு படங்களில் என்பது என் துணிபு.

முதலாவது ‘பாபநாசம்’ (2015). ஜீத்து ஜோசப் தம் மலையாள ‘த்ருஷ்யம்’ கதையை இங்கே கொண்டுவந்தார். வசனம் ஜெயமோகன், கமல்ஹாசனுக்கு நெல்லைப் பேச்சைப் பழக்கியவர் சுகா. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் பள்ளியில் கற்றதைவிடச் சினிமாவில் கற்றது அதிகம். அவர் குடும்பத்தின் கையால் நடந்த சாவு நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. மறைத்தவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் வேண்டிக்கொள்கிறோம். ‘சைக்கோ’வில் நார்மன் பேட்ஸ் சதுப்பில் தள்ளிய கார் பாதியில் மூழ்காமல் நிற்கும்போது, அது முழுதாக மூழ்கிவிட வேண்டுமே என்று நம் மனமும் தவிக்கும். அந்தத் தவிப்பை ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டிக் காட்டுகிறது ‘பாபநாசம்’. சாட்சிகளைப் பொய் சொல்லச் சொல்லாமல், அவர்கள் நினைவிலுள்ள தேதியை மட்டும் நகர்த்திவைக்கும் தந்திரம் தேர்ந்த படத்தொகுப்பாளரின் வேலை. ஹிட்ச்காக்கின் இயந்திரத்தை இத்தனை பிசிறில்லாமல் ஓட்டிய தமிழ்ப் படம் வேறில்லை.

ஆனால் செத்தவனை முழுக் கெட்டவனாக்கிவிட்டதால், நம் உடந்தைக்கு விலை இல்லாமல் போகிறது. அவன் பெற்றோர் முன் சுயம்புலிங்கம் உடைந்து நிற்கும் காட்சி அந்த விலையைக் கட்டப் பார்க்கிறது. கமலின் மிகச் சிறந்த தருணங்களில் அது ஒன்று. உடனே, உடல் புதைந்திருக்கும் இடம் பற்றிய திருப்பம் வந்து நம்மைக் கைதட்ட வைத்துவிடுகிறது. இந்தக் கதை தெலுங்கு, இந்தி, சிங்களம், சீனம் என எங்கும் போனது. போக முடிந்ததற்குக் காரணம், அதற்கு ஒரு குடும்பமும் ஒரு காவல் நிலையமும் இருந்தால் போதும் என்பதே. நெல்லை அங்கே பேச்சில் இருக்கிறது, பதைப்பில் இல்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தை யாரும் இந்த வரிசையில் வைப்பதில்லை. வைக்க வேண்டும். கராத்தே வெங்கடேசன் நடித்த கிழவர் நீரில் ஓர் இளைஞனை அமுக்குகிறார். ஓடும் பேருந்தில் இன்னொருவனை முடிக்கிறார். ஒரு பெண்ணின் சாவைத் தற்கொலையாக்குகிறார். ஊருக்கு அவை விபத்தும் தற்கொலையும். அவருக்கோ குலசாமிக்குச் செய்யும் காரியம். இவர் யார் என்பது நமக்குத் தெரியும்; திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பரியனுக்குத் தெரியாது. அந்த நிமிடத்திலிருந்து, உடன் படிக்கும் ஜோவும் அவனும் சிரித்துப் பேசும் எளிய காட்சிகூட நமக்குப் பதைப்பாகிவிடுகிறது. காதல் காட்சிக்குள்ளேயே குண்டு வைத்துவிட்டார் இயக்குநர்.

இதற்குள் இன்னொரு அடுக்கும் உண்டு. ஜோ வீட்டுத் திருமணத்தில் தன்னை அடித்து அவமதித்ததைப் பரியன் அவளிடம் சொல்வதில்லை. அவனை விட நமக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும்; அவளை விட இரண்டு. ஹிட்ச்காக்கின் கணக்கில் இப்படி அறிவு படிப்படியாகப் பிரிந்திருப்பதே உச்சத் திறன். இங்கே அந்தப் பிரிவைச் செய்வது திரைக்கதை மட்டுமல்ல, சாதியும்கூட. இந்தப் படமும் ‘தடக் 2’ (2025) என்று இந்திக்குப் போனது. சாதி அங்கும் இருக்கிறது.

ஹிட்ச்காக்கின் போலீஸ் அச்சம் அவர் சிறுவனாகக் காவல் நிலைய அறையில் அடைபட்ட சில நிமிடங்களிலிருந்து வந்தது என்று அவரே சொல்லிவந்தார். இந்த ஆற்றங்கரையின் அச்சம் வேறு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியடியால் கலைத்தபோது, ஆற்றில் 17 உயிர்கள் போயின. மாரி செல்வராஜின் சிறுகதைத் தொகுப்புக்கே ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்றுதான் பெயர். நீரில் அமுக்கப்படும் இளைஞனை இந்த ஊர்க்காரர் வெறும் பயங்காட்டும் காட்சியாகப் பார்க்க மாட்டார்.

மாரி செல்வராஜ் ஹிட்ச்காக்கிடம் பாடம் படித்தார் என்று நான் வாதாடவில்லை. ஹிட்ச்காக்கின் இலக்கணம் உலகப் படங்களின் பொதுச்சொத்தாகி வெகு காலமாயிற்று. யார் சொத்து என்று கேட்காமலே எடுத்தாளப்படும் அளவுக்குப் பரவியதுதான் செல்வாக்கின் முதிர்ந்த நிலை. படத்தில் பலவீனம் இல்லாமலும் இல்லை. தண்டவாளக் காட்சியில் பரியனின் செத்துப்போன நாய் கறுப்பியின் உருவம் வந்து அவனை எழுப்புவதும், தோற்ற கிழவர் தானே ரயிலுக்குத் தலை கொடுப்பதும், அதுவரை இறுக்கிவந்த முடிச்சைச் சட்டென்று தளர்த்துகின்றன. அந்த இடத்தில் ‘பாபநாசம்’ கைத்திறனில் முந்துகிறது.

ஆனால் கிழவர் செத்த பிறகும் ஜோவுக்கு எதுவும் தெரியாது. அவளுடைய அப்பாவும் பரியனும் பேசி முடிக்கும்போதும் தெரியாது. வில்லன் போன பின்னும் பதைப்பை உயிரோடு வைத்திருப்பது ஹிட்ச்காக்கே அரிதாகச் செய்த காரியம். அதனால் வாரிசு என்ற இடத்தை நான் ‘பரியேறும் பெருமாள்’ படத்துக்கே கொடுப்பேன்.