கடனும் குற்றமும்: மன்னிப்பைத் தமிழாக்கிய இரு முறைகள்

பிறரை மன்னித்தல் கிறித்தவ நம்பிக்கையில் நற்பண்புகளுள் ஒன்றாக மட்டும் நிற்பதில்லை. இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவோர் தாமும் பிறரை மன்னித்தவராய் இருத்தல் வேண்டும் என்பது இயேசு கற்பித்த மன்றாட்டின் உட்கிடை. மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் உள்ள இம்மன்றாட்டை 1871-ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதலும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் வெவ்வேறு வகையில் தமிழாக்கியுள்ளன. அவ்வேறுபாடு சொல்லளவில் அடங்குவதன்று.

கிரேக்க மூலத்தில் மத்தேயு ஆளும் பெயர்ச்சொல் 'ஒஃபெய்லேமா'; திருப்பித் தரவேண்டிய கடன் என்பது அதன் நேர்ப்பொருள். அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் 'ஹோபா' என்னும் ஒரே சொல் சுட்டியது. வினைச்சொல்லாகிய 'அஃபியேமி' விட்டுவிடுதல், போகவிடுதல் என்னும் பொருளது. சீடர் வலைகளை விட்டுச் சென்றதைக் கூறும் இடத்திலும் (மத். 4:20) இவ்வினையே வருகிறது.

ஐக்கியத் திருப்புதல் 'கடன்' என்னும் சொல்லை அப்படியே காக்கிறது. 'மன்னி' என்னும் வினையும் அங்குக் கடனைச் செயப்படுபொருளாகவும், கடன்பட்டவரை நான்காம் வேற்றுமையிலும் கொள்கிறது. இது கிரேக்கத் தொடரமைப்பைத் தழுவியது. இன்றைய தமிழ்க் காதுக்கு அயலாக ஒலிப்பினும், கடன் நீங்குகிறது, அதன் பயன் ஒருவருக்குச் சேர்கிறது என்னும் பொருளை இவ்வமைப்பு தெளிவாகத் தருகிறது. பொது மொழிபெயர்ப்போ 'குற்றம்' என்னும் சொல்லைத் தேர்ந்து, குற்றம் செய்தோரை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்துகிறது. 'என்னை மன்னியுங்கள்' என வழங்கும் நடைமுறைத் தமிழுக்கு இது இயல்பானது. பொருளும் உடனே விளங்குகிறது. இது மறுக்கத்தக்கதன்று.

இழப்பு 18-ஆம் அதிகாரத்தில் புலப்படுகிறது. எத்தனை முறை மன்னிப்பது என்னும் பேதுருவின் வினாவுக்கு இயேசு ஓர் உவமையால் விடையிறுக்கிறார். பதினாயிரம் தாலந்து கடன் நீக்கப்பெற்ற பணியாளன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனைச் சிறையிலிடுகிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே முதற்கடன் இரண்டாவதைப்போல் 6,00,000 மடங்கு. இவ்வுவமை மன்றாட்டுக்கு அமைந்த விளக்கவுரை போன்றது. மூலத்தில் இரண்டையும் இணைப்பவை கடன் என்னும் கருத்தும் 'அஃபியேமி' என்னும் வினையும். ஐக்கியத் திருப்புதலில் இரு இடங்களிலும் கடன் மன்னிக்கப்படுகிறது. பொது மொழிபெயர்ப்பில் மன்றாட்டில் குற்றம் மன்னிக்கப்படுகிறது. உவமையில் கடன் 'தள்ளுபடி' செய்யப்படுகிறது. இணைப்பு அறுந்துவிடுகிறது. அடிக்குறிப்பு இதனை ஓரளவு ஈடு செய்யலாம். ஆயின் உரக்க வாசிக்கும் வழிபாட்டில் அடிக்குறிப்பு ஒலிப்பதில்லை.

இதன் விளைவு நூலுக்கு வெளியிலும் உண்டு. 'குற்றம்', 'மன்னிப்பு' இரண்டும் சட்டத்துறைக்கும் உரிய சொற்கள். அவை ஒருங்கே வரும்போது மன்னிப்பு என்பது தண்டனை நீக்கமாகவே கொள்ளப்படும். 1999 சனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். மன்னிப்பும் குற்றத்தின் சட்ட விளைவும் வேறுவேறு என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. 'குற்றத்தை மன்னித்தார்' என்னும் தொடரால் இந்நிலையை விளக்குதல் அரிது. தமக்கு வரவேண்டியதைக் கேட்காது விட்டார், இழப்பைத் தாமே ஏற்றார் என்னும்போது அது விளங்குகிறது. கடன் உருவகம் தருவது இப்பொருளையே. கத்தோலிக்கர் வழங்கும் மன்றாட்டு வடிவில் உள்ள 'பொறு' என்னும் வினையும் சுமத்தல் என்னும் அடிப்பொருளால் இதனை நெருங்குகிறது.

ஆகவே தெளிவு கருதிச் சொல்லை மாற்றும் மொழிபெயர்ப்பாளர், அச்சொல் பிற இடங்களோடு கொண்டுள்ள உறவையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். மன்றாட்டில் 'குற்றம்' என்பதே நிற்பினும், உவமையில் 'தள்ளுபடி' என்பதை விடுத்துக் 'கடனை மன்னித்தார்' என்று அமைத்திருப்பின் வினையளவிலேனும் இணைப்பு நிலைத்திருக்கும். ஐக்கியத் திருப்புதல் பழக்கிவைத்த அத்தொடர் தமிழ்க் கிறித்தவருக்குப் புதியதன்று.