‘டக்’ மட்டும் போதாது

நல்ல ரிலே இரண்டு முறை பேசும். மின்சாரம் ஏறும்போது கறாராக ஒரு ‘டக்’. விடும்போது கொஞ்சம் மெத்தென்று இன்னொன்று. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா காரை விடாமல் வைத்திருக்கும் ஈப்போக்காரர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம்.

ஓர் அங்குலக் கறுப்புப் பெட்டிதான். அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள்; ஐந்து கால் இருந்தால் நடுவில் பெரும்பாலும் 87ஏ. ஜெர்மானியத் தரம் தந்த எண்கள் இவை. சுங்கை சிப்புட் பட்டறையிலும் கோயம்புத்தூர் பட்டறையிலும் பொருள் ஒன்றே. 85க்கும் 86க்கும் இடையே செம்புச் சுருள். மல்டிமீட்டர் வைத்தால் 80 ஓம் அளவில் காட்டும். அப்படியானால் 12 வோல்ட்டில் ஓடுவது 0.15 ஆம்பியர்தான். அந்தச் சொட்டு மின்சாரம் 30 ஆம்பியர் போகும் வழியைத் திறந்து மூடுகிறது. 1835இல் ஜோசப் ஹென்றி கண்ட உத்தி, இன்றும் அலுக்கவில்லை.

ரிலே கெட்டதா என்று அறிய, மீட்டர் இல்லாதவர் ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி அதன் இடத்தில் மாற்றிச் செருகிப் பார்ப்பார். வேலை நடக்கும், ரசனை இல்லை. காரின் பேட்டரியிலிருந்து இரண்டு வயரை 85க்கும் 86க்கும் கொடுத்துக் கேட்பதே அழகு. மூடியில் டையோடு படம் இருந்தால் மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டையோடு போய்விடும்.

ஆனால் சத்தம் ஏமாற்றும். சுருள் நன்றாக இழுக்கும், உள்ளே தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருக்கும். மீட்டரின் ‘பீப்’பும் அதற்குத் துணைபோகும், அது அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், தெருவிளக்கு இல்லாத செம்மண் சாலைக்காகக் கூடுதல் விளக்கு மாட்டுவார்கள் அல்லவா, அதில் 55 வாட் பல்பு இரண்டை 87இல் கோத்து எரிய விடுங்கள். ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடும். இப்போது 30க்கும் 87க்கும் குறுக்கே மீட்டரை வைத்தால், நல்ல ரிலேயில் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. அரை வோல்ட் காட்டினால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலரை வாட் வெப்பம் வெந்துகொண்டிருக்கிறது. மூடியைக் கழற்றி உப்புத்தாள் தேய்ப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, வெள்ளிப் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். அந்த ஈரத்தில் கால்களில் பச்சை பூத்தால் துடைத்துவிடலாம். படுத்துவது வேறு வகை: ஓட ஓடச் சூடேறி நடுச்சாலையில் கைவிடும், ஆறியதும் ஒன்றும் அறியாததுபோல் ‘டக்’ என்னும். உள்ளே ஈயப்பற்றில் மயிரிழை விரிசல் இருக்கும். அந்த ரிலேயை மேசையில் கிடத்தி, பல்புகள் எரியும்போதே ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சில நிமிடங்களில் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும்.