தாம்பரம் கிறித்தவக் கல்லூரி: இடைவெளியும் கட்டியதுதான்

பழைய கல்லூரி வளாகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். முகப்பைப் படம் எடுக்கிறோம், கட்டிய ஆண்டைப் போடுகிறோம், கட்டுரை முடிந்துவிடுகிறது. சேப்பாக்கத்தில் இது செல்லும். சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் (1879) போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பதற்கான கட்டடம். அதே அளவுகோலோடு சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனால் ஏமாந்துதான் திரும்பவேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் நின்றால் கண்ணில் படுவது மரங்கள்.

1837ல் ஜான் ஆண்டர்சன் ஜார்ஜ் டவுன் பகுதியில் தொடங்கிய பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. ஆண்டர்சன் பெயரில் ஒரு சர்ச் இன்னும் அங்கே நிற்கிறது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1937ல், கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. பீச்சிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் 1931லேயே இங்கே வந்துவிட்டது. நூறு வருஷ இடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், புது இடத்தில் எதை மையமாக நினைத்தார்கள்?

சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷாட்டியின் அமைப்பைப் பாருங்கள். நடுவே பிரதானக் கட்டடம். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று விடுதிகள் தள்ளித் தள்ளி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மரத்தடியில் நடந்துதான் போகவேண்டும். அந்த நடைதான் இந்த வளாகத்தின் இதயம் என்பது என் வாசிப்பு.

வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரம் நட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை "பொட்டல்காட்டைச் சோலையாக்கினார்" என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. இது பொட்டல் இல்லை, சேலையூர்க் காடு. புதரும் முள்ளுமாக இருப்பதுதான் இந்தக் கரையோர வறண்ட பசுமைக்காட்டின் இயல்பு. நிழல் மரத்தை மட்டும் தேடுகிற கண்ணுக்கு அது வெறும் தரிசாகத் தெரியும். நட்ட மரங்களுக்கு இருக்கிற பெருமை, நடாமல் விட்டுவைத்த புதருக்கும் உண்டு. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

"365 ஏக்கர் எதுக்குங்க சும்மா கெடக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். இடத்துக்கு நெருக்கடியான ஊர். ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்த ஊரும் இதுதான். மழை இறங்க மண் எங்கே மிச்சமிருக்கிறது என்று அந்த நண்பரும் கேட்டுப் பார்க்கலாம்.

பாரம்பரியப் பட்டியலில் கட்டடத்தை ஏற்றலாம். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருப்பதை எப்படி ஏற்றுவது? எங்கேயுமே இதுதான் நடக்கும்: வருஷத்துக்கு ஒரு புது பிளாக், ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம், ஒவ்வொன்றும் "காலி" இடத்தில். பழைய செங்கல் ஒன்றைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வளாகம் மட்டும் போயிருக்கும்.