கூந்தல்பனைப் பஞ்சு

சக்கிமுக்கியை ரசிக்கிறவர்கள் கல்லையும் இரும்பையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பஞ்சு என்று வந்ததும் ‘ஏதோ ஒரு பஞ்சு’ என்று கடந்துவிடுவார்கள். கெட்டியான வெங்கச்சங்கல் எதுவும் பொறி தரும். விழுந்த பொறியை அணையாமல் வாங்கி வைத்துக்கொள்வதில்தான் வித்தை இருக்கிறது. தாமிரபரணிப் பக்கம் இதற்கு எருக்கம்பஞ்சையும் இலவம்பஞ்சையும் சொல்கிறவர்களே அதிகம். இரண்டும் பார்க்க அழகு, கைக்கு மெத்து. ஆனால் இரண்டின் இழையிலும் மெழுகுப் பூச்சு உண்டு. தணலைக் கொண்டுபோனால் எருக்கம்பஞ்சு குபீரென்று எரிந்து அந்த நிமிஷமே முடிந்துபோகும். இலவம்பஞ்சைக் கரித்து வைக்காவிட்டால் இரும்புப் பொறி அதில் தங்குவது அபூர்வம். சீக்கிரம் எரிவதைச் சிலர் நல்ல குணமாக எண்ணுகிறார்கள். பொறி வாங்கும் பஞ்சுக்கு அது குறைதான்.

என் ஓட்டு கூந்தல்பனைக்கு. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு, சேர்வலாறு என்று காணிக்காரர்கள் வாழும் மலைச்சரிவுகளுக்கு உரிய மரம் அது. மட்டை தண்டைக் கவ்வியிருக்கும் இடத்தில் கத்தி முனையால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் பொசுபொசுவென்று வரும். நீள இழை கிடையாது, பளபளப்பும் கிடையாது. பொறி பட்டால் சுடர் எழாது. கடுகளவு சிவப்பு ஒன்று உட்காரும், பிறகு தன் போக்கில் ஊர்ந்து பரவும். ஊதினால் கனலும், விட்டால் அடங்கும், மறுபடி ஊதினால் மறுபடி கனலும். தேங்காய்நாரையோ பன்னாடையையோ நிதானமாகப் பிரித்து அதைச் சுற்றிப் பொதிய அவகாசம் தரும். இது திருநெல்வேலிக்காரனின் ஊர்ப்பாசம் இல்லை. மலாய் நாட்டில் குழலுக்குள் காற்றை அமுக்கித் தீ உண்டாக்கியவர்களும் இதே இனத்துப் பனையின் பஞ்சைத்தான் நம்பினார்கள். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதனின் பையில் இருந்த மரக்காளானுக்கும் இதே சுபாவம்தான்: எரியாது, கனலும்.

சுருட்டுப் பிடிக்கும் தாத்தாக்கள் சுருக்குப்பையில் கரித்த பஞ்சைத்தானே வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். அது பொறியை இன்னும் சுலபமாக வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சைக் கரிக்கவே முதலில் ஒரு நெருப்பு வேண்டும். கூந்தல்பனை அந்தக் கடனைக் கேட்பதில்லை. பொதிகையில் இரண்டு பருவ மழையும் கொட்டுமே, பஞ்சு நமுத்துப்போகாதா என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமானது. மட்டை ஓரளவுக்குத்தான் காக்கும். சுரண்டியதை வெயிலில் காயவைத்து, கொஞ்சம் கரித்தூள் பிசறி, மூங்கில் குழாயில் அடைத்து வைக்க வேண்டும். ஞெலிகோல் என்னும் தீக்கடைகோலைக் கடைகிறவர்களுக்கு இந்தப் பஞ்சு தேவையே இல்லை என்பதும் சரி. பெரும்பாணாற்றுப்படையின் இடையனுக்குக் கட்டை உதிர்க்கும் தூளே கங்காகிவிடும்.

1923 வாக்கில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதற்காக யாரும் அழ வேண்டாம். தீப்பெட்டி நல்ல பொருள். இன்று பொழுதுபோக்குக்காகக் காட்டில் தீ மூட்டுகிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். மருந்துக்கடைப் பஞ்சில் வாசலின் தடவிப் பற்றவைத்துவிட்டு ஆதிமனிதன் முறை என்கிறார்கள். அழகுக்காகத் தோட்டங்களில் நட்ட கூந்தல்பனை பக்கத்திலேயே நிற்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாகக் குலைதள்ளி முடிந்ததும் அந்த மரம் பட்டுப்போகும். வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுவதற்கு முன் யாராவது மட்டையடியைச் சுரண்டினால் ஒரு சுருக்குப்பைக்குத் தாராளமாகத் தேறும்.